எடையம்மாவும் நானூற்றுப் பன்னிரண்டு கிராமும்

என் அண்ணியை ஆலையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் எடையம்மா. முப்பத்தொரு வருடம் எடையறையில் தராசின் முன்னால் உட்கார்ந்திருந்தவர். சுமார், ஏறக்குறைய, கிட்டத்தட்ட என்ற வார்த்தைகளை அவர் வாயிலிருந்து பிடுங்கவே முடியாது. மணி கேட்டால் பத்து அடித்து நாலு நிமிஷம் என்பார். பத்து என்று சொன்னால் என்ன குடியா முழுகிவிடும்? கல்யாணமான புதிதில் என் அம்மா சமையலை ருசி பார்க்கச் சொல்லி உப்பு எப்படி என்று கேட்டதற்கு, "ரெண்டு கிராம் தூக்கலா இருக்கு அத்தை" என்றாராம். அதற்குப் பிறகு அம்மா எதற்கும் மருமகளிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை.

நான் அதே ஆலையில் மீட்டர்காரன். வேலை முடிந்து வெளியே போகிறவர்களின் கையிலும் காலிலும் கதிர்வீச்சுத் தூசி ஒட்டியிருக்கிறதா என்று மீட்டரை வைத்துப் பார்த்து அனுப்புவேன். என் அண்ணன், அதாவது எடையம்மாவின் வீட்டுக்காரர், கைக்காரர். அது என்ன வேலை என்று கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

அணு உலையில் எரிந்து முடிந்த யுரேனியக் கம்பிகள் எங்களிடம் வரும். அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி, ஓட்டை போட்ட கூடையில் வைத்து, உருகிய உப்பு நிறைந்த சட்டியில் இறக்குவோம். ஐந்நூறு டிகிரிச் சூட்டில் அந்த உப்பு பார்ப்பதற்குத் தண்ணீராகத்தான் தெரியும். மின்சாரம் கொடுத்தால் யுரேனியம் கூடையிலிருந்து கரைந்து, உப்பு வழியாகப் போய், எதிரே நிற்கும் இரும்புத் தண்டில் படியும். அழுக்கெல்லாம் உப்பிலும் கூடையிலும் தங்கிவிடும். தண்டில் அது வழவழவென்று படியாது. கிளை விட்டு, கிளைக்குள் கிளை விட்டு, கருகிப்போன செடி மாதிரி வளரும். நாங்கள் அதை மரம் என்போம். மரத்தை வெளியே தூக்கி, சுரண்டி, ஒட்டியிருக்கும் உப்பை ஆவியாக்கி விரட்டிவிட்டு, மிச்சத்தை உருக்கிக் கட்டியாக்குவோம். அந்தக் கட்டிதான் எடையம்மாவின் தராசுக்குப் போகும்.

இதெல்லாம் நடக்கிற உள்ளறைக்குள் மனிதர் போக முடியாது. போனால் திரும்பி வந்து சொல்ல ஆள் இருக்காது. காற்றுக்குப் பதிலாக அங்கே ஆர்கான் வாயு. ஈ கிடையாது, துரு கிடையாது, சத்தம் வெளியே வராது. ஒரு முழத்துக்கு மேல் தடித்த மஞ்சள் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும், அதனால் உள்ளே எந்நேரமும் சாயங்காலம். சுவரைத் துளைத்துக்கொண்டு இரண்டு இரும்புக் கைகள் உள்ளே தொங்கும். வெளியே நிற்கிற கைக்காரர் இந்தப் பக்கத்துப் பிடிகளை அசைத்தால் உள்ளே இருப்பவையும் அப்படியே அசையும். உள்ளே பிடித்த பொருளின் கனமும் அதிர்வும் பிடி வழியாக அவர் உள்ளங்கைக்கு வந்து சேரும். என் அண்ணன் அந்தக் கைகளால் ஊசியில் நூல் கோர்த்துக் காட்டியவர். மரத்தைத் தூக்கும்போது உப்பு சொட்டட்டும் என்று தண்டை மூன்று தட்டுத் தட்டுவார். மரம் உடைந்துவிடும் என்ற பயத்தில் வேறு யாரும் அப்படித் தட்டமாட்டார்கள்.

அண்ணனுக்கு நாற்பத்தாறு வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை, எடையம்மா தராசில் வைத்த கட்டி நானூற்றுப் பன்னிரண்டு கிராம் குறைந்தது.

கூடைக்குள் எவ்வளவு யுரேனியம் போகிறது என்பது முன்பே தெரியும். ஐம்பது கிராம் வரை குறைந்தால் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள், அங்கே இங்கே ஒட்டியிருக்கும். நானூறு என்றால் ஆலையே நின்றுவிடும். அண்ணி எடைக்கல்லை வைத்துத் தராசைச் சோதித்தார். மறுபடி நிறுத்தார். மூன்றாவது தடவையும் நிறுத்தார். அன்று அந்தக் கண்ணாடி ஜன்னலில் நின்றது தன் புருஷன் என்று தெரிந்தே, வந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சட்டியின் அடியைக் கொக்கி போட்டுத் துழாவினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அண்ணன் பத்து நிமிஷம் தனியாக ஜன்னலில் இருந்திருக்கிறார், அதுதான் குற்றம். "மரம் முழுசா வந்துச்சு, நான் பார்த்தேன்" என்பதையே அவர் பதினேழு நாள் விசாரணையில் திரும்பத் திரும்பச் சொன்னார். திருடினார் என்று எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. 'கணக்கில் வராதது' என்று எழுதி வேலையிலிருந்து நீக்கினார்கள். மிச்சத்தைத் தெரு எழுதிக்கொண்டது. அந்தச் சரக்கை உள்ளறையிலிருந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வர முடியுமா என்று யோசிக்கத் தெரியாத ஜென்மங்கள், வீட்டுக்குள் குழி தோண்டிப் புதைத்திருக்கிறான் என்றார்கள். பிள்ளைகளை அந்த வீட்டு வாசலில் விளையாட விடவில்லை.

அண்ணன் அண்ணியிடம் கோபப்பட்டதே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டித் தீர்த்திருந்தால் வீடு வீடாக இருந்திருக்கும். அண்ணி சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றியதும் அண்ணன் ஒன்றே ஒன்று கேட்பார்.

"இன்னிக்கு எவ்வளவு?"

"மூணு கிராம் குறைவு." அல்லது ஏழு. அல்லது ஒன்பது. அண்ணன் தலையை ஆட்டிவிட்டு டீ குடிப்பார். எட்டு வருடம் இப்படியே போயிற்று.

அதன் பிறகு அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு கால் விளங்கவில்லை. பேச்சு ஒற்றை வார்த்தைகளாகச் சுருங்கிப்போனது. கைகள் இரண்டும் எப்படியோ தப்பித்தன. பகலில் எதிர்வீட்டு அக்கா அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்ள, அண்ணி வேலைக்குப் போய்வந்தார்.

அந்த வருடம்தான் பழைய சட்டியை மூடப்போவதாக அறிவித்தார்கள். இன்னும் ஆறு மாதம் ஓட்டிவிட்டு உப்பை உறைய வைத்து, சட்டியோடு அடக்கம் செய்வதாகத் திட்டம். அறிவிப்பு வந்த அதே வாரம் எடையம்மாவின் தராசில் ஒரு கட்டி ஆறு கிராம் கூடுதலாக வந்தது.

எங்கள் மேலாளருக்கு 'பார்க்கலாம்' என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் அவர் சொல்கிற பதில் அது. அன்று அவரே எடையறைக்கு வந்தார்.

"தராசு கெட்டுப் போச்சு போலம்மா."

"தராசு சரியா இருக்கு சார். ஆறு கிராம் கூட இருக்கு."

"போட்டதவிட எப்படிம்மா அதிகமா வரும்? உள்ள கிடந்து குட்டியா போடுது?"

"அது எனக்குத் தெரியாது சார். ஆறு கிராம் கூட."

அடுத்த தடவை பதினொன்று கூடியது. அதற்கடுத்து நான்கு. குறைவது எங்களுக்குப் பழக்கம். கூடுவதை ஆலையில் யாரும் கண்டதில்லை. எடையறைப் பக்கம் போகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு போனார்கள். கடைசியில் ஒரு பொறியாளர் வந்து படம் போட்டு விளக்கினார். சட்டியின் அடித்தட்டு முன்பு எப்போதோ சூட்டில் நெளிந்திருக்கிறது. மரத்தில் ஒரு பகுதி உதிர்ந்து அந்த இடுக்கில் விழுந்திருக்கலாம், கொக்கி அங்கே போயிருக்காது. இப்போது தட்டு அரித்துப்போய், கிடந்தது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மரத்தில் ஏறுகிறது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்படியென்றால் என் அண்ணன் எடுக்கவில்லை. மேலாளரின் அறைக்கு ஓடினேன்.

"பார்க்கலாம்" என்றார் மேலாளர். "நானூத்திப் பன்னெண்டும் வந்தா கடுதாசி தர்றேன். அவர் பேர் சுத்தமாயிடும்."

"முன்னூறு வந்தாலே தெரிஞ்சிடுமே சார்."

"ஃபைலை மூடணும்னா வித்தியாசம் பூஜ்யமா இருக்கணும்பா. நான் என்ன பண்றது?"

வாரத்துக்கு இரண்டு மரம் தூக்குவோம், காலை பதினொரு மணிக்கு. ஆறு மாதத்தில் முழுதும் வந்துவிட வேண்டும். சட்டியை மூடிவிட்டால் வந்தது வந்ததுதான், மிச்சம் அண்ணன் தலையில்தான். இதைச் சொன்னபோது அண்ணி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ம்" என்றார். நான் துள்ளிக் குதித்தேன், அவர் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். கல்நெஞ்சுக்காரி என்று மனசுக்குள் திட்டினேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை எனக்கு விடுமுறை, அண்ணனுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணி ஆகப்போகிறபோது அவர் நாற்காலியைத் தரையில் தேய்த்து நகர்த்தி, வெறும் சுவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். சுண்ணாம்பு அடித்த சுவர், ஒரு காலண்டர்கூடக் கிடையாது. இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குத் தூக்கி, காற்றைப் பிடித்தார்.

"என்னண்ணே, வேலைக்குக் கிளம்பிட்டியா?" என்று கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் திரும்பவில்லை.

அந்தத் தடித்த கண்ணாடி வழியாகப் பார்த்தால் பொருள்கள் கிட்டத்தில் இருப்பதாகத் தெரியும். அதனால் கைக்காரர்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தைத் தாண்டி இரண்டு விரல் தள்ளித்தான் பிடிப்பார்கள். விளையாட்டாக ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து அவர் கைக்கு நேரே நீட்டினேன். அவர் கை டம்ளரைக் கடந்து, அதற்கு இரண்டு விரல் பின்னால் போய் மூடியது. சாப்பிடும்போது அண்ணனுக்கு அந்தத் தடுமாற்றம் கிடையாது. டம்ளர் என் கையிலேயே இருந்தது, தண்ணீர் மட்டும் ஆடியது.

பிறகு மெல்ல, மிக மெல்ல, மேலே தூக்கினார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. போதும் என்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கப் பார்த்தேன். என்னால் தாங்கத்தான் முடிந்தது. அந்த வெறும் கையில் கனம் இருந்தது, ஏழெட்டுக் கிலோ இருக்கும். என் தோள் இழுத்தது. அந்த உயரத்தில் நிறுத்தி, காற்றில் மூன்று தட்டுத் தட்டினார். கனம் சட்டென்று போய்விட்டது. அண்ணன் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது, மூன்று மணி நேரம் எழுப்ப எழுப்பத் தூங்கினார்.

சாயங்காலம் அண்ணி வந்ததும் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடைவார், நான் சமாதானம் சொல்லலாம் என்று எதிர்பார்த்தேன். அவர் கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். இடது பக்கம் அண்ணன் சுவருக்கு முன்னால் உட்கார்ந்த தேதிகள், எதிர்வீட்டு அக்கா சொல்லக் கேட்டு எழுதியவை. வலது பக்கம் எடை கூடிய தேதிகள். ஆறு, பதினொன்று, நாலு, ஒன்பது.

"அக்கா பார்க்காத நாள்ல கோடு போட்டிருக்கேன்" என்றார். "பார்த்த நாள் ஒண்ணுகூடத் தப்பல."

"பதினோரு மணின்னா மரம் தூக்கற நேரம்னு அண்ணனுக்குத் தெரியாதா? பழக்கதோஷமா இருக்கும் அண்ணி."

"போன வாரம் கரண்ட் போய் வியாழக்கிழமை மரம் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போச்சு. நான் வீட்ல வாயே திறக்கல. வியாழக்கிழமை முழுக்க உங்கண்ணன் தெரு ஜன்னலோரமா சும்மா உட்கார்ந்திருக்கார். வெள்ளிக்கிழமை பதினொண்ணுக்குச் சுவத்துக்கு முன்னால போயிட்டார்."

நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

அண்ணன் இடத்துக்கு வந்த கைக்காரனை நாங்கள் ஒல்லி என்போம். நல்ல பையன் என்று சொல்லமாட்டேன், நாற்பது வயசு, வாயைத் திறந்தால் அடுத்தவர் கதை. அவனே அந்த மாதம் ஒருநாள் பேச்சில்லாமல் என்னைத் தேடி வந்தான்.

"அண்ணே, செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஜன்னல் பக்கம் வர முடியுமா? பிடியில ஒரு தடவை கை வெச்சுப் பாருங்க. நான் எதுவும் சொல்லல, நீங்களே பாருங்க."

போனேன். மஞ்சள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரும்புக் கை தண்டைப் பிடித்திருந்தது. ஒல்லி மரத்தை உப்பிலிருந்து முழுதாகத் தூக்கி நிறுத்தினான். வெள்ளைத் துளிகள் சொட்டிச் சொட்டி நடுவழியிலேயே உறைந்தன. அவன் பிடியை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டு அடி விலகி நின்றான். உள்ளே எதுவும் அசையவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். என் உள்ளங்கையில் மூன்று தட்டு வந்தது. நிதானமான தட்டு, கதவைத் தட்டுகிறவர் வீட்டு ஆளாக இருந்தால் தட்டுவாரே, அந்த மாதிரி.

"மோட்டார் அதிர்வா இருக்கும்" என்றேன்.

"அண்ணே, இதுல மோட்டாரே கிடையாது" என்றான் ஒல்லி.

அன்று பதினாறு கிராம் கூடியது.

நான் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்: எனக்குப் பயம் ஒரு பங்கு, சந்தோஷம் ஒன்பது பங்கு. நூற்று இருபது ஆனது, இருநூற்று முப்பது ஆனது. ஆலையில் சிலர் அண்ணனைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார்கள். தெருமுனைக் கடைக்காரர் எட்டு வருடத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்கே கூடுகிறது என்று மட்டும் பார்த்தேனே தவிர, எங்கே குறைகிறது என்று பார்க்கவில்லை.

அதை அண்ணி பார்த்தார். வீட்டில் ஆள் ஏறி நிற்கிற எடை இயந்திரம் ஒன்று வாங்கி வைத்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணனைத் தாங்கிப் பிடித்து நிறுத்தினார். அறுபத்து மூன்று கிலோ. அறுபது. ஐம்பத்தேழு. ஐம்பத்து மூன்று. மரம் தூக்குகிற நாளில் அவர் சாப்பிடுவதில்லை. விரல் நுனிகள் நீலம் பாய்ந்து, அடுத்த நாள்தான் நிறம் திரும்பும். டாக்டர் இதயத்தைச் சோதித்துவிட்டு அண்ணியைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"இவர் ஏதோ கனமான வேலை பார்க்கிறார்மா. இன்னொரு தடவை பார்த்தா இதயம் நின்னுடும். படுக்க வைங்க, அசைய விடாதீங்க."

"படுத்துத்தான் இருக்கார்" என்று அண்ணி சொல்லவில்லை. அவருக்குப் பொய் வராது. "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

அன்றைக்கு நானூற்று மூன்று வந்திருந்தது. ஒரே ஒரு மரம் பாக்கி, வரும் வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை சட்டியை மூடுகிறார்கள். ஒன்பது கிராம்தான் வேண்டும், ஒன்பது கிராம் எத்தனையோ தடவை வந்திருக்கிறது.

"வியாழக்கிழமை நான் லீவு" என்றார் அண்ணி. "அவரை உட்கார விடமாட்டேன்."

"அண்ணி, ஒரே ஒரு நாள். கையெட்டும் தூரத்துல வந்துட்டு விட்டுடறதா? அண்ணனே அதைத்தானே விரும்பறார்? அவர் பேர் அண்ணி."

அண்ணி தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.

"அன்னிக்கு விசாரணையில உன்னையும் கூப்பிட்டாங்க இல்ல? உங்கண்ணன் எடுத்திருப்பாரான்னு கேட்டாங்க. அவர் அதே ரூம்ல, உனக்கு எதிர்ல உட்கார்ந்திருந்தார். நீ என்ன சொன்ன?"

நான் கழுவிய தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

"எனக்குத் தெரியாதுன்னு சொன்ன. எனக்காவது எடை எடைதான், வேற எண் கிடையாது. உனக்கு என்ன தம்பி? ஒரு வார்த்தை. அவர் எடுக்கமாட்டார்னு ஒரு வார்த்தை. இப்ப அந்தக் கடுதாசி அவருக்கு வேணுமா, உனக்கு வேணுமா?"

செருப்பால் அடித்திருந்தாலும் அப்படி வலித்திருக்காது. ஏனென்றால் அது உண்மை. அன்று என் வேலை போய்விடுமோ என்று பயந்தேன். அதைவிடக் கேவலம், உள்ளூர ஒரு மூலையில், எடுத்திருப்பாரோ என்றும் நினைத்தேன். விசாரணை முடிந்து அவர் கடைசியாக வெளியே போனபோது அவர் கைகளில் மீட்டரை வைத்துப் பார்த்தவன் நான். மற்றவர்களுக்கு ஆகிற நேரத்தைவிட இரண்டு மடங்கு நேரம் வைத்துப் பார்த்தேன். அவர் கையை நீட்டியபடியே நின்றார்.

வியாழக்கிழமை நானும் லீவு போட்டுவிட்டு அந்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். அண்ணி என்னைப் போகச் சொல்லவில்லை, உள்ளேயும் கூப்பிடவில்லை. அண்ணனைக் கட்டிலில் படுக்க வைத்து, நாற்காலியைச் சமையலறைக்குள் போட்டுப் பூட்டியிருந்தார். பதினொன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது, ஒரு கால் விளங்காத மனிதர், யார் துணையும் இல்லாமல், எழுந்து நின்றார். சுவரைப் பார்க்க நடந்தார். நடந்தார் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு வார்த்தை என்னிடம் இல்லை.

அண்ணி அவருக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். அண்ணன் கண்கள் அவரைப் பார்க்கவில்லை, அவர் வழியாக எதையோ பார்த்தன. கைகள் உயர்ந்தன. அண்ணி தன் கைகளை நீட்டி அவற்றைப் பிடிக்கப் போனார். அவை அண்ணியின் கைகளைத் தாண்டிப் போய், பின்னால் காற்றில் மூடிக்கொண்டன. மறுபடி பிடித்தார், மறுபடி தாண்டிப் போயின. உப்புச் சட்டியின் மூடியைத் திறந்த மாதிரி ஒரு சூடு அறையில் ஏறி வாசல்வரை வந்தது. அண்ணனின் கழுத்து நரம்புகள் புடைத்தன, கனம் ஏறிக்கொண்டிருந்தது.

அண்ணிக்கு அப்போதுதான் பிடிபட்டது. அவர் இரண்டு விரல் பின்னால் நகர்ந்து, முதுகு சுவரில் முட்ட நின்று, கைகளை நீட்டினார். அண்ணனின் விரல்கள் நேராக அவர் கைகளின் மேல் வந்து இறுகின. அண்ணியின் தோள்கள் இரண்டும் கீழே இறங்கின, முழங்கால் மடங்கியது. அந்தக் கனத்தை வாங்கிக்கொண்டு அவர் விழாமல் நின்றார்.

"எவ்வளவு?" என்றார் அண்ணன். பல மாதமாக அவர் கேட்காத கேள்வி அது.

அண்ணி வாயைத் திறந்தார், மூடினார். எண் அவருக்குத் தெரியும். முப்பத்தொரு வருடத்தில் அவர் ஒரு கிராமைக்கூட மாற்றிச் சொன்னதில்லை.

"நானூத்திப் பன்னெண்டு" என்றார்.

"முழுசா?"

"முழுசாங்க. வந்துடுச்சு. விடுங்க."

அண்ணன் அண்ணியின் முகத்தைப் பார்த்தார், இப்போது அவரைத்தான் பார்த்தார். பிடி தளர்ந்தது. ஒரு கையின் மேல் இன்னொரு கையை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். வேலை முடிந்து கிளம்பும்போது உள்ளறையின் கைகளைக் கைக்காரர்கள் அப்படித்தான் மடித்துவிட்டுப் போவார்கள். அப்படியே சரிந்தவரை நானும் ஓடிப்போய்ப் பிடித்தேன். அண்ணி ஓங்கி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் ஒல்லி சொன்னான், அன்று தட்டு வரவில்லையாம். மரத்தைத் தூக்கும்போது பாதி வழியில் பிடி திடீரென்று லேசாகிவிட்டதாம். "கூடப் பிடிச்சிட்டிருந்தவங்க யாரோ கையை எடுத்துட்ட மாதிரி இருந்துச்சுண்ணே" என்றான். கட்டி சரியான எடையில் வந்தது, ஒரு கிராம் கூடவில்லை. வெள்ளிக்கிழமை சட்டியை மூடினார்கள்.

அண்ணன் அதற்குப் பிறகு இரண்டு வருடம் நாலு மாதம் இருந்தார். சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. உடம்பு தேறி ஐம்பத்தெட்டுக் கிலோ வரை வந்தார், அண்ணி நிறுத்துச் சொன்னார்.

ஆலையிலிருந்து கடிதம் வந்த நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். சட்டி மூடி மூன்று வாரம் கழித்து வந்தது. அண்ணி சமையலறையில் நின்று படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். மீட்கப்பட்டது நானூற்று மூன்று கிராம், கணக்கில் வராதது ஒன்பது கிராம், ஆகவே முந்தைய முடிவில் மாற்றம் இல்லை. கீழே பார்க்கலாம் சாரின் கையெழுத்து. எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த மனுஷன் வீட்டுக்கே போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

"உட்காரு" என்றார் அண்ணி. "இத்தனை நாள் நானூத்திப் பன்னெண்டு கிராம் திருடன் பொண்டாட்டியா இருந்தேன். இப்ப ஒன்பது கிராம் திருடன் பொண்டாட்டி. எவ்வளவோ லேசா இருக்கு."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்ளேயிருந்து அண்ணன் குரல் வந்தது. "லெட்டர்?" தபால்காரர் குரல் அவர் காதில் விழுந்திருக்கிறது.

அண்ணி கடிதத்தை என் கையிலேயே அழுத்தினார். "நீ போய்ப் படி. எனக்கு ஒரு தடவைதான் முடிஞ்சுது, இன்னொரு தடவை வாய் வராது."

அண்ணன் கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். காகிதத்தைப் பிரித்தேன், எழுத்து கண்ணில் நிற்கவில்லை, நிற்கத் தேவையும் இல்லை.

"நானூற்றுப் பன்னிரண்டு கிராமும் சட்டியின் அடியிலிருந்து மீட்கப்பட்டது" என்று படித்தேன். "இவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஆலை வருத்தம் தெரிவிக்கிறது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. காகிதத்தைப் பார்த்துக்கொண்டே மேலும் படித்தேன். "இவர் எடுத்திருக்கமாட்டார் என்று இவருடைய தம்பி விசாரணையிலேயே அடித்துச் சொன்னார். அதை நாங்கள் அப்போதே கேட்டிருக்க வேண்டும்."

அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று விசாரணை அறையில், எனக்கு எதிரே, என் பதிலைக் காதால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர். நான் தலையைத் தூக்கவில்லை.

"அந்தக் கடைசி வரி" என்றார் மெதுவாக. "இன்னொரு தடவ."

நான் இன்னொரு தடவை படித்தேன்.